6000 ரீலா, 4000 ரீலா? வன்னிக் குளத்துக்கும் களப்புக்கும் ஒரு கணக்கு

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, மாமா கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார். மீன்பிடி ரீல் ஒண்டு கொண்டுவாறன், நம்பரைச் சொல்லு எண்டு நிக்கிறார். 6000 எண்டு சொல்லட்டோ? பெரிசெண்டால் குளத்துக்கும் பாவிக்கலாம், கடலுக்கும் பாவிக்கலாம்தானே?"

இதே கேள்வி வெவ்வேறு வாயிலிருந்து எனக்கு அடிக்கடி வருகிறது. அடியில் கிடக்கிற நினைப்பு ஒன்றுதான்: பெரிய ரீல் சின்ன வேலையையும் செய்யும், சின்ன ரீல் பெரிய வேலையைச் செய்யாது. நானும் அப்படி நினைத்துத்தான் முதலாவது ரீலை வாங்கினேன். மிளகாய்ப் பாத்திக்குள் நாலு சில்லு டிரக்டரை இறக்கின கதையாய்ப் போனது. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் போதுமான இடத்தில் பெரிய மெசின் உழாது என்றில்லை. உழும், பாத்திதான் மிஞ்சாது.

மாமாவின் பாஸ் எது, எங்கள் பாஸ் எது

மாமா ஒன்ராறியோவில் பிடிக்கிற பாஸ் எங்கள் குளங்களில் இல்லை. அது வட அமெரிக்க நன்னீர் மீன். பெரியவாய்ப் பாஸின் உலக சாதனை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். 1932 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி பிடித்தது. 2009 இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிட்டா பிடித்த மீன் அதற்குச் சமனாக நிற்கிறது. அதெல்லாம் சாதனைக் கதை. சாதாரணமாகக் கையில் வருவது ஒன்று, ஒன்றரைக் கிலோ. அதனால்தான் அங்கே மெல்லிய லூர் (பொய் இரை) எறிகிறவர்கள் 2500, 3000 ரீலோடு நின்றுவிடுகிறார்கள். யூரியூப்பில் 6000 ரீலோடு பாஸ் பிடிக்கிறவரைக் கண்டால் கீழே பாதிப் பேர் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள்.

எங்களுக்கு அந்த இடத்தில் இரண்டு மீன் இருக்கிறது. குளத்தில் விரால்: பாஸ் போலவே தாமரை ஓரத்தில் பதுங்கிக் கிடந்து, தவளை போனால் பாய்கிற சாதி. களப்பில் கொடுவா: ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டையும் 'பாஸ் ரீல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பிழை தொடங்குகிறது. விரால் பாசிக்குள் சண்டை பிடிக்கும், இரண்டு மீற்றருக்குள் விசயம் முடியும். கொடுவா திறந்த தண்ணீரில் ஓடும், துள்ளும், தலையை உதறும், செவுள் மூடியின் விளிம்பால் நூலை அறுக்கும். இந்த இரண்டு சண்டைக்கும் ஒரே ஆயுதம் சரிவராது. சரிவந்தாலும் எங்கேயாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

எதை வைத்து அளப்பது

*கை.* விடியப்புறம் இரண்டரை மணித்தியாலம், 45 செக்கனுக்கு ஓர் எறி என்று பார்த்தால் 200 எறி வருகிறது. தூண்டிலில் புழுவைக் கொழுவி மிதப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு ரீலின் நிறை ஒரு பொருட்டே இல்லை. லூர் எறிகிறவருக்கு அதுதான் முதலாவது கேள்வி.

*லூரின் நிறை.* மீனின் நிறை அல்ல. விராலுக்கு எறிகிற றப்பர்த் தவளை 8 தொடங்கி 18 கிராம் வரை. கொடுவாவுக்கு எறிகிற மீன் லூர் 15 தொடங்கி 40 வரை. ரீலும் தடியும் நூலும் இந்த நிறையைச் சுற்றித்தான் கட்டப்பட வேண்டும்.

*பாசியிலிருந்து பிடுங்குகிற பலம்.* தாமரைத் தண்டு, அல்லி, பன்புல், தண்ணீருக்குள் நிற்கிற பட்ட மரம். இரண்டு கிலோ விரால் இரண்டு கிலோ பாசியையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.

*உப்பும் மணலும்.* நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் நிற்கிற ரீலின் ஆயுள் இரணைமடுவில் நிற்கிற ரீலின் ஆயுள் அல்ல.

*முழுச் செலவு.* ரீலோடு சேர்த்துத் தடி, நூல், லீடர் (நூலின் முனையில் கட்டுகிற தடித்த துண்டு), பிறகு திருத்துகிற செலவு. மாமா ரீலை மட்டும்தான் கொண்டுவருகிறார், மற்றதெல்லாம் உங்கள் காசு. அதைக் கடைசியில் நினைக்கிறவர்கள்தான் கனக்க.

ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். 2500, 4000, 6000 என்பவை நிறையும் இல்லை, நீளமும் இல்லை, ஒரு பொது அளவும் இல்லை. ஷிமானோவின் 4000, டாய்வாவின் 4000, பென்னின் 4000 என்று மூன்று கம்பனி ரீலையும் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரே உடம்பாக இருக்காது. சில மொடல்களில் 3000 என்று எழுதியிருப்பது 2500 உடம்பில் கொஞ்சம் ஆழமான ஸ்பூல் (நூல் சுற்றிக் கிடக்கிற உருளை), அவ்வளவுதான். ஆகவே கீழே நான் சொல்கிற எண்கள் ஏறத்தாழ. கடையில் பெட்டியில் பார்க்க வேண்டியது இரண்டு: எத்தனை கிராம், எந்த நூல் எத்தனை மீற்றர் கொள்ளும்.

2500–3000: சின்ன ஸ்பின்னிங் (தடிக்குக் கீழே தொங்குகிற) ரீல்

200 தொடங்கி 270 கிராம். ஆறரை, ஏழு அடித் தடியில் கொழுவினால் கையில் இருப்பதே தெரியாது. 5 கிராம் லூரையும் ஒழுங்காக எறியும். பிஈ 1.5 பிரெய்ட் (பின்னல் நூல்; பிஈ எண் கூடக் கூட நூல் தடிக்கும்) 200 மீற்றருக்கு மேல் கொள்ளும்.

'டிராக்', அதாவது நூலை விட்டுக்கொடுக்கிற பிரேக், இதில் போதுமா என்பதுதான் பலருக்குப் பயம். கணக்குப் பார்ப்போம். 20 இறாத்தல் நூல் என்றால் 9 கிலோ. டிராக்கை நூலின் பலத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை, அதாவது 3 கிலோ. தராசுக் கொளுக்கியில் நூலைக் கட்டி இழுத்துப் பாருங்கள், 3 கிலோ என்பது எவ்வளவு பெரிய இழுவை என்று விளங்கும். நல்ல 2500 ரீல் அதைச் சும்மா தரும். பெட்டியில் '15 கிலோ டிராக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ரீல் வாங்குவது, மீற்றரில் 180 எழுதியிருப்பதைப் பார்த்து மோட்டார் சைக்கிள் வாங்குவது போல.

ஆனால் தாமரைக்குள் கதை வேறு. அங்கே டிராக்கைப் பூட்டிவிட்டு, தவளையைக் கவ்வின விராலை ஒரே மூச்சில் மேற்பரப்புக்கு எடுக்க வேண்டும். சின்ன ரீலின் உடம்பு அந்த நேரம் முறுகும், கைபிடி நெளியும், பல்லுச் சில்லு அரையும். ஒரு நாளில் உடையாது. ஒரு வருசத்தில் சுற்றும்போது 'கரகர' என்று கேட்கத் தொடங்கும்.

எங்கே சரி: குளம் வான் பாய்கிற காலத்தில் வாய்க்கால்களில், திறந்த கரையில், சின்ன விரால், திலாப்பியா, கெண்டைக்கு. (திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று குளத்துச் சனத்தின் சட்டியில் அதுதான் முதலாம் ஆள்.) பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கும் இதுதான். எங்கே பிழை: களப்பு முகத்தில்.

5000–6000: பெரிய ஸ்பின்னிங் ரீல்

தம்பி கேட்டது இதைத்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

என் முதல் ரீல் 6000. பெட்டியோடு வாங்கினபோது கைக்கு அடக்கமான ஒரு கிணற்றுக் கப்பி போல இருந்தது, எனக்கு நல்ல புழுகம். அடுத்த விடியலே வவுனிக்குளக் கட்டுக்குக் கொண்டுபோனேன். 12 கிராம் தவளை. எறிந்தால் தாமரை ஓரத்துக்கு ஐந்தாறு மீற்றர் இப்பால் 'பொத்' என்று விழுகிறது. பலமாக எறிந்தேன், அப்போதும் அதே இடம். ஒன்பது மணிக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், சோடாப் போத்தலில் சுற்றின தங்கூசி (ஒற்றை நைலோன் நூல்), முனையில் ஊசி, உயிர்த் தவளை. போத்தலைக் கையில் சரித்துப் பிடித்து நூலைச் சுழற்றி எறிந்தார். பத்து மணிக்குள் மூன்று விரால். என்னுடைய ரீலை ஒருக்கால் பார்த்தார், "தம்பி, உது தண்ணி இறைக்கிறதோ?" என்றார்.

பிழை ரீலில் இல்லை என்று விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. 6000 ரீலுக்குப் பொருந்துகிற தடி 40 தொடங்கி 80 கிராம் வரை எறிகிற தடி. 12 கிராமுக்கு அது வளையவே இல்லை. வளையாத தடி எறியாது, உங்கள் தோள்தான் எறியும். சரி, மெல்லிய தடியில் 6000 ஐக் கொழுவினால்? அதையும் செய்து பார்த்தேன். ஸ்பூல் பெரிது, அதிலிருந்து கழன்று வருகிற நூல் வளையமும் பெரிது. மெல்லிய தடியின் முதல் வளையம் சின்னது. நூல் அதில் அடித்து அடித்துத் தூரம் குறைகிறது. ரீலின் அடித்தட்டும் தடியின் பிடிக்குள் ஒழுங்காக இருக்காது. ஒன்றைப் பெரிதாக வாங்கினால் மற்றதையும் பெரிதாக்கச் சொல்லிக் கேட்கும். இதுதான் பெரிய ரீலின் முதல் மறைவுச் செலவு.

இரண்டாவது மறைவுச் செலவு நூல். 6000 ஸ்பூல் பிஈ 3 பிரெய்ட் 400 மீற்றர் அளவு கொள்ளும். நான் எறிகிற அதிகபட்சத் தூரம் 60 மீற்றர். களப்புக் கொடுவா ஓடினாலும் இன்னொரு 50. மிச்சம் 300 மீற்றர் பிரெய்ட் ஸ்பூலின் அடியில் வெயில் படாமல் நித்திரை கொள்ளும். அதற்காகக் குறைவாகச் சுற்றவும் முடியாது. நூல் விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே வரை நிரம்பியிருந்தால்தான் எறி போகும். கீழிறங்கினால் விளிம்பில் உரசி நிற்கும். வழி: அடியில் மலிவான தங்கூசியைச் சுற்றி, மேலே 150 மீற்றர் பிரெய்ட். எவ்வளவு தங்கூசி என்பதை ஒருமுறை சுற்றி அவிழ்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பின்னேரம் போகும். வழவழப்பான பிரெய்டை நேரே ஸ்பூலில் கட்டினால் முழுச் சுருளும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடியில் கொஞ்சமாவது தங்கூசி வேண்டும்.

மூன்றாவது, கை. 6000 ரீல் மொடலைப் பொறுத்து 400 தொடங்கி 650 கிராம் வரை. 2500 ஓடு ஒப்பிட்டால் கையில் இன்னொரு 300, 350 கிராம். பத்து அடித் தடியில் அது பாரமாகத் தெரியாது, நீளத் தடியின் முனையைச் சமன் செய்து நல்லதாகவே இருக்கும். ஆறரை அடித் தடியில் 200 எறிக்குப் பிறகு தெரியும். இன்னொன்றும் உண்டு: பெரிய சுழலி (ஸ்பூலைச் சுற்றி ஓடி நூலை ஏற்றுகிற பாகம்) மெதுவாகத்தான் புறப்படும். தவளையைத் தட்டித் தட்டித் தொய்யலை எடுக்கிற வேலைக்கு அந்தச் சுணக்கம் உதவாது. விரால் பின்னால் வந்து மூக்கால் முட்டுகிற சின்ன அதிர்வும் கைக்கு எட்டாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரிய ரீலுக்காகவும் வழக்காட வேண்டும். அது வெல்கிற இடங்கள் மூன்று.

ஒன்று, முகத்துவாரம். மாரியில் மழை கொட்டி நந்திக்கடல் நிரம்பி வட்டுவாகலில் கடலோடு தொடுத்துவிட்டால், வெளியே போகிற நீரோட்டத்தில் கொடுவாவும் பாரையும் வந்து நிற்கும். கொடுவா குஞ்சு பொரிப்பது உப்பு நீரில், வளர்வது களப்பிலும் ஆற்றிலும். போக்குவரத்துப் பாதை இந்த வாய்தான். (இளமையில் ஆணாக இருந்து, வளர்ந்து பெண்ணாக மாறுகிற மீன் அது. பெரிசெல்லாம் தாய் மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டை விட்டுவிடலாம்.) அங்கே 30, 40 கிராம் லூரை எதிர்க்காற்றில் எறிய வேண்டும், ஓட்டத்தோடு ஓடுகிற மீனை நிறுத்த வேண்டும். நீளத் தடி, பெரிய ரீல், கேள்வியே இல்லை.

இரண்டு, பாலமும் பாறையும். சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்த பிறகு பூநகரிப் பக்கத்து நீரோட்டம் பலருக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. இப்படியான இடங்களில் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கும், பிரெய்ட் உரசினால் உடனே போகும். அங்கே தடித்த தங்கூசிதான் நிற்கும், தடித்த தங்கூசிக்கு இடம் வேண்டும்.

அதுவே மூன்றாவது. தங்கூசி மட்டும்தான் பாவிப்பேன் என்று இருக்கிறவருக்குப் பெரிய ரீல் உண்மையிலேயே நல்லது. 0.40 மில்லிமீற்றர் தங்கூசி சின்ன 2500 ஸ்பூலில் 60 மீற்றர்தான் கொள்ளும். 40 மீற்றர் எறிந்தால் ஸ்பூல் பாதிக்கு மேல் வெறுமை, மிச்சம் சுருண்டு சுருண்டு ஸ்பிரிங் போல நிற்கும். 6000 இல் அதே நூல் 200 மீற்றர் போகும், பெரிய வளையமாகக் கிடப்பதால் சுருள் குணமும் குறைவு. பிரெய்ட் இல்லாத காலத்தில் பெரிய ரீல் வாங்கச் சொன்ன பழைய ஆட்கள் பிழை சொல்லவில்லை. அவர்கள் நூலுக்கு ரீல் வாங்கினார்கள். பிஈ 2 பிரெய்டின் தடிப்பு 0.24 மில்லிமீற்றருக்குள், 0.40 தங்கூசி பிடிக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு வேண்டும். நூல் மெலிந்தது, ரீல் சிறுத்தது. ஆலோசனை மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

4000: நடுவான் ரீல்

இதைப் பற்றிச் சொல்லக் கனக்க இல்லை, அதுதான் அதன் குணம். 250 தொடங்கி 320 கிராம். பிஈ 2 என்றால் 280 மீற்றர் வரை, பிஈ 3 என்றால் 200. ஸ்பூல் விட்டம் 52 மில்லிமீற்றர், கியர் 5.2 (கைபிடி ஒருமுறை சுற்றினால் சுழலி 5.2 முறை சுற்றும்) என்றால் கைபிடியின் ஒரு சுற்றுக்கு 85 சென்ரிமீற்றர் நூல் ஏறும். 6.2 கியர் என்றால் ஒரு மீற்றர். வேக கியர் தொய்யலைக் கெதியாக எடுக்கும், மெது கியர் பாசியிலிருந்து இழுக்கும். விராலுக்கு எடுக்கிறவர் 5 ஓட்டத்தில் நிற்கலாம்.

10 கிராம் தவளையையும் எறியும், 30 கிராம் மீன் லூரையும் எறியும். ஏழு அடி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்ட தடியில் சரியாக உட்காரும். மேலதிக ஸ்பூல் ஒன்று கிடைத்தால் ஒன்றில் பிஈ 3 (குளம்), மற்றதில் பிஈ 2 (களப்பு) என்று வைத்து இரண்டு நிமிடத்தில் மாற்றலாம். மறைவுச் செலவு அங்கேதான்: சில மொடல்களுக்கு மேலதிக ஸ்பூல் தனியாக எடுப்பது சிரமம், எடுத்தாலும் ரீல் விலையில் கணிசமான பங்கு. வாங்கும்போதே பெட்டியில் இரண்டாவது ஸ்பூல் இருக்கிற மொடலைப் பார்ப்பது நல்லது.

குறை: மூன்று கிராம், ஐந்து கிராம் விளையாட்டுக்கு உதவாது. மாரிக் காற்றில் முகத்துவாரத்தில் 60 கிராம் எறிகிறவருக்கும் உதவாது.

பெய்ட்காஸ்டர்: தடிக்கு மேலே இருக்கிற ரீல்

தாமரைக்குள்ளிருந்து விராலைப் பிடுங்குவதற்கு இதற்கு மிஞ்சினது இல்லை. ஸ்பின்னிங் ரீலில் நூல் உருளியில் திரும்பி, செங்கோணத்தில் மடங்கித்தான் ஸ்பூலுக்கு ஏறும். இதில் நேரே ஏறும், ஸ்பூலே சுற்றும். கையின் பலம் வீணாகாது. 200 கிராம் உடம்பு, பிஈ 3, 4 நூலைச் சும்மா கையாளும்.

ஆனால் பழக வேண்டும். லூர் தண்ணீரில் விழுகிற நேரத்தில் பெருவிரல் ஸ்பூலை நிறுத்தாவிட்டால் நூல் சடைபிடிக்கும். என் முதல் மாதத்தில் மீன் பிடித்த நேரத்தைவிடச் சடை பிரித்த நேரம் அதிகம், ஒருமுறை வெட்டி எறிந்தது 70 மீற்றர் பிரெய்ட். 7 கிராமுக்குக் கீழே எறிய நினைக்கவே வேண்டாம். எதிர்க்காற்றில் இன்னும் மோசம். இதற்கென்று விரல்பிடி வைத்த வேறு தடி வாங்க வேண்டும், ஸ்பின்னிங் தடியில் கொழுவ முடியாது.

மாமாமாருக்குச் சொல்ல வேண்டிய ஒன்று: இதில் கைபிடி இடமா வலமா என்பது வாங்கும்போதே முடிவு. ஸ்பின்னிங் ரீலில் கைபிடியைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்டலாம், இதில் ஏலாது. இடக்கை ரீலைக் கொண்டுவந்துவிட்டு 'பழகுவாய்தானே' என்று சொன்ன மாமா ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரே பார்வையில்

| | 2500–3000 | 4000 | 5000–6000 | பெய்ட்காஸ்டர் |
|---|---|---|---|---|
| நிறை | 200–270 கிராம் | 250–320 கிராம் | 400–650 கிராம் | 200 கிராம் அளவு |
| லூர் | 3–12 கிராம் | 8–30 கிராம் | 25–60 கிராம் | 10–30 கிராம் |
| நூல் | பிஈ 1.5, 200 மீற்றர் | பிஈ 2, 280 மீற்றர் | பிஈ 3, 400 மீற்றர் | பிஈ 3, 100–150 மீற்றர் |
| தடித்த தங்கூசி | உதவாது | சமாளிக்கும் | மிக நல்லது | நல்லது, ஆனால் குறைவாகவே கொள்ளும் |
| தாமரைக்குள் விரால் | ரீல் தேயும் | போதும் | பலம் உண்டு, எறி இல்லை | முதலிடம் |
| முகத்துவாரக் கொடுவா | வேண்டாம் | அமைதியான நாளில் | முதலிடம் | பழகினவருக்கு |
| மறைவுச் செலவு | கெதியாகத் தேய்வு | மேலதிக ஸ்பூல் | பெரிய தடி, கனக்க நூல், தோள் | வேறு தடி, சடைபிடித்த நூல் |

எந்த ரீலுக்கும் பொதுவான செலவுகள்

லீடர். கொடுவாவின் வாய் அரம் போல இருக்கும், செவுள் மூடி கத்தி. பிரெய்டின் முனையில் 40, 50 இறாத்தல் தங்கூசி ஒரு மீற்றராவது வேண்டும். மெல்லிய ரீல், மெல்லிய நூல் என்று வாங்கிவிட்டு இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கழுவுதல். களப்புக்குப் போன ரீலை டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, துடைத்து, நூல் ஓடுகிற உருளிக்கு ஒரு துளி எண்ணெய். குழாயால் பீச்சி அடித்தால் உப்பை உள்ளே தள்ளிவிடுவீர்கள். கரையோரத்தில் சில வீட்டுக் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் கழுவுவது, அழுக்குத் துணியால் கண்ணாடி துடைக்கிற வேலைதான். ஒரு போத்தல் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

திருத்துதல். வெளியிலிருந்து வருகிற ரீலில் பெயில் கம்பியின் (நூலைப் பிடித்து ஸ்பூலுக்குத் திருப்புகிற வளைந்த கம்பி) ஸ்பிரிங் ஒன்று போனால், அந்தச் சாமான் கிளிநொச்சியில் கிடைக்காது, கொழும்பிலும் தேட வேண்டும். நான் ஒரு ஸ்பிரிங்குக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், கடைக்காரர் நல்ல மனுசன், அடுத்த கிழமை என்று சொல்லிச் சொல்லியே ஏழு மாதத்தையும் ஓட்டினார். ஆகவே புதுமையான மொடலைவிட, இங்கே பத்துப் பேர் பாவிக்கிற மொடல் நல்லது. ஒருவருடையது உடைந்தால் மற்றவருடையதுக்குச் சாமான்.

குளத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. குளத்தில் மீன் குஞ்சு விட்டு வளர்ப்பது அந்தந்த ஊர் நன்னீர் மீன்பிடிச் சங்கம், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறிவது முறை. மேற்பரப்பில் சிவந்த குஞ்சுக் கூட்டம் கொதிப்பதைக் கண்டால் அதற்குக் கீழே தாய் தகப்பன் விரால் காவலுக்கு நிற்கும். லூரை எதிரி என்று நினைத்துக் கவ்வும், பிடிப்பது சுலபம். பிடித்தால் அந்தக் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்குச் சாப்பாடு. முதலை இருக்கிற குளங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எறிகிற வீரம் வேண்டாம் என்பதை வன்னியில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, விடுமுறைக்கு வருகிற மாமாமாருக்குச் சொல்லிவையுங்கள்.

எனவே, மாமாவுக்கு என்ன சொல்வது

விராலுக்கு மட்டும், தாமரைக் குளத்துக்கு மட்டும் என்றால் பெய்ட்காஸ்டர், வலக்கையா இடக்கையா என்பதை எழுத்தில் கொடுங்கள். முள்ளியவளை, கொக்கிளாய்ப் பக்கம் இருந்து மாரி முழுக்க முகத்துவாரத்தில்தான் நிற்பேன் என்றால் 6000, பத்து அடித் தடியோடு. பிள்ளைக்கு என்றால் 2500. இவை மூன்றிலும் அடங்காதவர்கள்தான் கனக்க, அவர்களுக்கு 4000.

ஆனால் மாமாவுக்கு 4000 என்று நம்பரைச் சொல்லாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும் என்று மேலே சொன்னேன். இப்படிச் சொல்லுங்கள்: "320 கிராமுக்குக் கீழே. பிஈ 2 நூல் 250 மீற்றருக்குக் குறையாமல் கொள்ள வேணும். ஸ்பூல் இரண்டு. உப்புத் தண்ணிக்குப் பாவிக்கலாம் எண்டு பெட்டியில் இருக்க வேணும்."

அப்போதும் 6000 மேல் ஆசை விடாத தம்பிக்கு ஒரு பரீட்சை சொன்னேன். நண்பனின் 2500 ரீல் பூட்டின ஏழு அடித் தடியை இரவல் வாங்கு. சின்னப் போத்தலில் 350 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பு, அது 350 கிராம். ரீலின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டு. வவுனிக்குளக் கட்டில் ஒரு மணித்தியாலம் எறி. பிறகு நம்பரைச் சொல்.

அன்று பின்னேரமே குறுஞ்செய்தி வந்தது: "அண்ணை, அரை மணித்தியாலத்தில அவிட்டுத் தண்ணியக் குடிச்சிட்டன். மாமாவுக்குக் கிராம் கணக்கைச் சொல்லியாச்சு."